அங்கிகள் பேசிய வருடம்

பொத்தான் இறந்த பதினேழாம் நாள், மணி மண்டபத்துப் போதகர் மேடை ஏறி, சட்டைக் காலரில் படியும் அழுக்கைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். குரல் அவருடையது, பேச்சு சலவைக்கடை அக்காவுடையது. உண்மையில் அவர் பேச எழுந்தது பொறுமையைப் பற்றி. மூன்று பக்கம் எழுதியும் வைத்திருந்தார். முதல் பக்கம் ஒழுங்காகப் போயிற்று. அங்கிக்குள் உடம்புச் சூடு ஏறியதும், "ஏங்க, கேட்டீங்களா, இந்தக் காலரைப் பாருங்க, ஒரு மனுஷன் கழுத்துல இவ்வளவு எண்ணெய் எங்கிருந்துதான் வருதோ" என்று அவர் வாய் தானாகச் சொன்னது. அவர் இருமிப் பார்த்தார், தண்ணீர் குடித்துப் பார்த்தார். வாய் நிற்கவில்லை. நீலத்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டது, மழை வருகிற மாதிரி இருக்கிறது கொடியில் இருப்பதை எடுக்க வேண்டும் என்றது, கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. சபையிலிருந்த நூற்றுப் பத்துப் பேரும் ஆளுக்கொரு கையால் பின்கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது, பல வருடத்துக்குப் பிறகு ஒரு பிரசங்கம் புரிந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்த இரண்டு பேர் யார் என்பதை மண்டபக் குழு இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது.

நடந்ததற்குக் காரணம் சிக்கலானது அல்ல. அந்தத் தெருவில் மூன்று மண்டபங்கள் இருந்தன. வியாழக்கிழமை கூடுகிற மணி மண்டபம், செவ்வாய்க்கிழமை கூடுகிற விளக்கு மண்டபம், சனிக்கிழமை கூடி ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்துபோகிற மௌன மண்டபம். மூன்றுக்கும் கடவுள் வேறு, புத்தகம் வேறு, வாசல் பார்க்கிற திசைகூட வேறு. சலவைக்கடை மட்டும் ஒன்றுதான். மணி மண்டபத்தின் பதினோரு பொத்தான் வைத்த வெள்ளை அங்கியும், விளக்கு மண்டபத்தின் கறுப்பு அங்கியும், மௌன மண்டபத்துப் பெரியவரின் சாம்பல் நிறச் சால்வையும் அந்தக் கடையில் ஒரே கம்பியில் தோளோடு தோள் உரசித் தொங்கும். அவற்றை உடுத்துகிறவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள். அக்கா துவைப்பாள், கஞ்சி போடுவாள், தேய்ப்பாள். அவள் புருஷன் கிழிசலைத் தைப்பார், விழுந்த பொத்தானைத் தைப்பார். யாரும் கேட்கமாட்டார்கள், அவராகவே பார்த்துத் தைத்துவிடுவார். ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறையத் தெருவில் பொறுக்கிய பொத்தான்கள் வைத்திருந்தார். அதனால் அவருக்குப் பொத்தான் என்று பெயர். இயற்பெயரை அவரே ஒருமுறை விண்ணப்பப் படிவத்தில் தப்பாக எழுதியிருக்கிறார்.

அக்கா தேய்க்கும்போது பேசுகிறவள். முப்பத்தொரு வருடம் அவள் பேசப் பேச, பொத்தான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே "ம்" என்பார். எந்த இடத்தில் "ம்" சொல்ல வேண்டும், எந்த இடத்தில் "அப்படியா" சொல்ல வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. அவர் போன பிறகும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் போய்விட்டது உறுதியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத பேச்சு எங்கேதான் போகும்? இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் துணிக்குள் இறங்கியது. மற்றவர்களின் சட்டைகளிலும் இறங்கித்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருந்தார்கள், நின்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அங்கி உடுத்தியவர்களுக்கு முன்னால்தான் நூறு பேர் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா மணி மண்டபத்துக் குடும்பத்தில் பிறந்தவள். பொத்தான் விளக்கு மண்டபத்துக்காரர், அதிலும் தூணுக்குப் பின்னால் உட்காருகிற வகை. அந்த மண்டபத்தில் ஒரு விதி இருந்தது. ஈரக்கை பட்டால் விளக்கு அணையும், ஆகையால் கை நனைகிற தொழில் செய்கிறவர்கள் மூன்றாம் தூணைத் தாண்டி வரக் கூடாது. துணி துவைக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், சாக்கடை அள்ளுகிறவர்கள் எல்லாரும் தூணுக்குப் பின்னால். கை காய்ந்த பிறகு வரலாமா என்று நூறு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதே வாரத்தில் மணி மண்டபம் தன் புத்தகத்தில் அவள் பெயரை அடித்தது. விளக்கு மண்டபம் தன் புத்தகத்தில் அவர் பெயரை அடித்தது. இரண்டு மண்டபமும் ஒரு காரியத்தில் ஒற்றுமையாக இருந்தது அதுதான் முதல் தடவை. அங்கிகளை மட்டும் வழக்கம்போல் அவர்களிடமே சலவைக்கு அனுப்பினார்கள், ஏனென்றால் அக்காவைப் போலக் கஞ்சி போட வேறு ஆள் இல்லை.

பொத்தானை அடக்கம் செய்ததில் பிரச்சினை ஒன்றும் வரவில்லை. நகராட்சி இடுகாட்டில் மதம் கேட்பதில்லை, நீளம்தான் கேட்பார்கள். பிரச்சினை அதற்குப் பிறகு. மணி மண்டபத்தில் அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வருடக் கடைசி வியாழனன்று வாசித்து, பெயருக்கு ஒரு மணி அடிப்பார்கள். விளக்கு மண்டபத்தில் ஆளுக்கொரு விளக்கு ஏற்றுவார்கள். மௌன மண்டபத்தில் இறந்தவர் உட்கார்ந்த இடத்தை ஒரு வருடம் காலியாக விட்டு வைப்பார்கள். அக்காவுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மணி, அல்லது ஒரு விளக்கு, அல்லது ஒரு காலி இடம். அவர் இருந்தார் என்று அவளைத் தவிர வேறு யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மணி மண்டபத்தில், உன் பெயரே இங்கே அடிபட்டிருக்கிறது, உன் புருஷன் பெயரை எதில் எழுதுவது என்றார்கள். விளக்கு மண்டபத்தில், பெயர் அடித்தது ஒருபக்கம் இருக்கட்டும், விளக்கை யார் ஏற்றுவது, நீயா, உன் கையைப் பார் என்றார்கள். மௌன மண்டபம் யாரையும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டுமானால் பேச வேண்டுமே. அவள் கடிதம் எழுதிக் கொடுத்தாள். பெரியவர் வாங்கினார், படித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவள் நாற்பது நிமிடம் நின்று பார்த்துவிட்டு, பெட்டி சூட்டில் கிடக்கிறதே என்று கடைக்குத் திரும்பினாள். அன்றைக்குத்தான் அழுதாள். அழுதுகொண்டே வெள்ளை அங்கியைத் தேய்த்தாள். ஆனால் அழுகை துணியில் தங்கவில்லை, ஆவியாகிப் போய்விட்டது. காலர் அழுக்கைப் பற்றிச் சொன்னதுதான் தங்கியது.

மணிப் போதகருக்கு நேர்ந்தது அடுத்த செவ்வாயன்று விளக்குப் போதகருக்கும் நேர்ந்தது. அவர் படித்தவர், ஆதி விளக்கின் தன்மையைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவர். கறுப்பு அங்கிக்குள் அவர் வாய், பக்கத்துச் சாவிக்கடைக்காரி நேற்றும் தன் குடையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், இத்தோடு மூன்றாவது குடை என்று சபையிடம் முறையிட்டது. சாவிக்கடைக்காரி அங்கே சபையில்தான் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்துபோய் மறுநாளே மூன்று குடையையும் கொண்டுவந்து கொடுத்தாள். சனிக்கிழமை மௌன மண்டபத்தில், எழுபது வருடமாக ஒரு தும்மல் தவிர வேறு சத்தம் கேட்டிராத அந்த இடத்தில், பெரியவர் கண்ணை மூடியபடியே, "ஏங்க, இந்த வெங்காயம் விக்கிற ஆளுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்றார். எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பல பேர் அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

மூன்று குழுக்களும் காதும் காதும் வைத்தாற்போல் மாற்று ஏற்பாடு செய்து பார்த்தன. மணிப் போதகரின் அங்கியைப் பெரிய சாலையில் இருந்த இயந்திரச் சலவைக்கு அனுப்பினார்கள். அந்த வியாழன் அவர் மேடையில் நின்று நாற்பது நிமிடம் "ஊம்" என்று ஒரே சீராக முனகினார். முடிவில் உடம்பு முழுக்க உதறியது, பிறகு ஒரு மணிச்சத்தம் மாதிரி எதையோ சொல்லிவிட்டு நின்றுவிட்டார். விளக்குப் போதகரின் அங்கியை அவர் மனைவி வீட்டிலேயே துவைத்துத் தேய்த்தாள். செவ்வாய்க்கிழமை சபை அவரைப் பற்றி அறிந்துகொண்டவற்றை இங்கே எழுத முடியாது. அவர் சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பதில்லை என்பது அதில் மிகச் சின்ன விஷயம். இரண்டே வாரத்தில் மூன்று உடுப்புகளும் அக்கா கடைக் கம்பிக்குத் திரும்பி வந்தன. இந்த இடைவெளியில் மூன்று மண்டபத்திலும் கூட்டம் கூடிவிட்டது. வெளியூரிலிருந்தெல்லாம் உறவுக்காரர்களை அழைத்து வந்தார்கள். எந்தச் செவ்வாய் எந்த வியாழன் நல்லா இருக்கும் என்று சாவிக்கடையில் வந்து விசாரித்துப் போனார்கள்.

கடைசியில் குழுக்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தன. தேய்க்கும்போது அக்கா பேசக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள, பேசாமல் இருப்பதில் பழக்கமுள்ள ஒருவர் கடையில் உட்கார வேண்டும். அப்படித்தான் மௌன மண்டபத்துப் பெரியவர் பொத்தான் உட்கார்ந்த அதே முக்காலியில் வந்து உட்கார்ந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சரி என்று தலையசைத்தாள். முதல் வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. பெட்டியின் சூட்டில் அந்த மௌனமும் துணிக்குள் இறங்கியது. செவ்வாயன்று விளக்குப் போதகர் வாயைத் திறந்தார், காற்றுகூட வரவில்லை. வியாழனன்று மணிப் போதகர் மேடையில் நின்று கையை ஆட்டினார், மேலே காட்டினார், கீழே காட்டினார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அக்கா பேச்சைக் கேட்க வந்த வெளியூர்க்காரர்கள் ஏமாந்துபோய் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த அமைதியில் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் ஞாபகம் வந்தது. தூணுக்குப் பின்னால் போன அத்தை, ஊரை விட்டே போன சித்தப்பா, வேறு மண்டபத்தில் கட்டிக்கொண்டு பேச்சுவார்த்தை அற்றுப்போன மகள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யாரும் யாரோடும் பேசவில்லை.

இரண்டாவது வாரம் அக்கா பெரியவரின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு கடிதம் இருந்தது. நாலாக மடித்தது, அவளே எழுதியது. அவள் ஒன்றும் பேசவில்லை, பேசக் கூடாது என்பதுதான் உத்தரவாயிற்றே. கடிதத்தைப் பலகையில் விரித்தாள், மடிப்புப் போகப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தாள், அவர் மடியில் வைத்தாள். பிறகு அவருடைய சால்வையை எடுத்துப் பலகையில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். பெரியவர் கடிதத்தை மறுபடி படித்தார். அப்புறம், முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தானாக வாய் திறந்தார்.

"எனக்கும் ஒரு தங்கச்சி இருக்காம்மா."

அக்கா பெட்டியை நிறுத்தவில்லை. எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பொத்தானிடம் முப்பத்தொரு வருடம் பார்த்திருக்கிறாள். "ம்" என்றாள்.

"விளக்கு மண்டபத்துப் பையனைக் கட்டிக்கிட்டா. மூணு லெட்டர் போட்டா எனக்கு. அண்ணே, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போன்னு. நான் பதில் போடல. மௌனம்னு சொல்லிக்கிட்டேன். மௌனமாவது மண்ணாவதும்மா, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

"அப்படியா" என்றாள் அக்கா. அவரோடு சேர்ந்து அழலாமா, அந்த முக்காலியைப் பிடுங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பலாமா என்று தெரியாமல், சால்வையின் ஓரத்தை இரண்டு தடவை தேய்த்தாள்.

இந்தப் பேச்சு முழுவதும் சால்வைக்குள் போயிற்று என்று சொல்லவே தேவையில்லை. சனிக்கிழமை மௌன மண்டபத்தில், சால்வை சூடானதும், பெரியவரின் சொந்த வார்த்தைகள் அவருடைய சொந்த வாயிலிருந்தே வந்தன. "மௌனமாவது மண்ணாவதும்மா" என்பதுவரை ஒரு சொல் குறையவில்லை. இடையிடையே "ம்", "அப்படியா" என்றும் அவரே சொல்லிக்கொண்டார். சலவைக்காரி மேல் பழி போட வழியில்லாமல் போயிற்று. அன்று மாலையே அவர் நாலு தெரு தள்ளி இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை கதவைத் திறந்தாள், அண்ணனைப் பார்த்தாள், மறுபடி சாத்தினாள், அஞ்சு நிமிடம் கழித்துத் திறந்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று ஆரம்பித்தவள் இரவுச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை. அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் சொன்னார்.

அதன் பிறகு மூன்று குழுக்களும் கூட வேண்டியதாயிற்று. எந்த மண்டபத்தில் கூடுவது என்பதிலேயே ஒரு வாரம் போனது. கடைசியில் மூவருக்கும் பொதுவான இடம் என்று சலவைக்கடையில் கூடினார்கள். துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டு, ஈரத் துணி முகத்தில் படாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேசினார்கள். அடித்த பெயர்களை என்ன செய்வது என்பதுதான் விவாதம். விளக்குப் போதகர், மனைவியின் பிரசங்கத்துக்குப் பிறகு நிறைய யோசித்திருந்தார். நம் புத்தகத்தில் அடித்த பெயரைக் கடவுளும் தன் புத்தகத்தில் அடித்துக்கொண்டார் என்று யார் சொன்னது என்று கேட்டார். மணி மண்டபக் குழுத் தலைவர், எழுதி வைத்திருக்கிறது என்றார். எழுதியது யார்? என் தாத்தா. யார் பேனாவில்? தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, தாத்தாவின் பேனாதான், இன்னும் வீட்டில் இருக்கிறது, மை ஒழுகும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, விஷயம் பெரியது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனார்கள். அக்கா அவர்கள் உட்கார்ந்த மூட்டைகளை மறுபடி உதறிக் கட்டினாள்.

வருடக் கடைசி வியாழனுக்கு மூன்று நாள் இருந்தது. மணி மண்டபக் கதவில் அந்த வருடத்துப் பட்டியல் ஒட்டியாயிற்று. பதினான்கு பெயர்கள். சாவிக்கடைக்காரி அதைப் போய் எண்ணிவிட்டு, மூச்சு வாங்கக் கடைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, நீ ஏன் இப்படி உக்காந்திருக்க? அங்கிதான் உன் கையில இருக்கே. தேய்க்கிறப்ப அண்ணன் பேரை ஒரே ஒரு தடவை சொல்லு. அவர் வாயில தானா வந்துடும். மணி அடிக்கிறவரைத்தான் உனக்குத் தெரியுமே."

மணி அடிக்கிறவரை எல்லாருக்கும் தெரியும். போதகரின் மச்சான். போதகர் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தால் ஒரு மணி, கூடவும் மாட்டார் குறையவும் மாட்டார். ஒரு வருடம் போதகர் பட்டியலுக்கு நடுவே மறந்துபோய்த் தன் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்க, உயிரோடு உட்கார்ந்திருந்த தம்பிக்கும் ஒரு மணி அடித்துவிட்டார். அடித்த மணியைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் அந்தத் தம்பி இன்றைக்கும் ஒருமுறை பிரார்த்தனை முடிந்தவராகவே நடமாடுகிறார். ஆகவே சாவிக்கடைக்காரி சொன்னது நடக்கக்கூடியதுதான். மணி மண்டபக் குழு பயந்துகொண்டிருந்ததும் அதற்குத்தான்.

அக்கா வெள்ளை அங்கியைப் பலகையில் விரித்தாள். பெட்டியில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்த்தாள். வாய் வரைக்கும் பெயர் வந்துவிட்டது. ஒரு சொல்தான், நாலு எழுத்து. முப்பத்தொரு வருடம் கூடவே இருந்த மனிதருக்கு ஒரே ஒரு மணி. அப்புறம் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வேண்டாம்டி" என்றாள். "அவர் ஒரு பொத்தான்கூட இன்னொரு சட்டையிலருந்து வெட்டி எடுத்ததில்ல. அவர் பேரை நான் அடுத்தவன் வாயில திருட்டுத்தனமா தைக்கிறதா? அவங்களா சொன்னா சொல்லட்டும். சொல்லாட்டிப் போகட்டும்."

அங்கியைக் கசங்கலாகவே எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டாள். வியாழன் காலையில் மணிப் போதகர் அங்கி வாங்க வந்தார். அவள் தர மறுத்துவிட்டாள்.

"என்னக்கா, இன்னைக்குப் பட்டியல் வாசிக்கிற நாள். அங்கி இல்லாம எப்படி நிக்கிறது?"

"தேய்க்கல தம்பி. தேய்ச்சா நான் என்னத்தையாவது பேசிடுவேன், அப்புறம் உங்க ஆளுங்க நான்தான் பேச வச்சேன்னு சொல்லுவாங்க. இன்னைக்கு ஒரு நாள் நீங்களே உங்க வாயால பேசுங்க."

போதகர் கொக்கியில் தொங்கிய அங்கியைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். அவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. ஏழு மாதமாகவே இல்லை.

பத்து மணிக்கு மணி மண்டபம் நிறைந்துவிட்டது என்று கடைக்கே சத்தம் கேட்டது. சாவிக்கடைக்காரி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடினாள். அக்கா போகவில்லை. தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று. பழைய பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருக்கும், அவர்தான் முதலில் போனார். இரண்டு. மூன்று. ஒவ்வொரு மணிக்கும் ஒரு உறை. மண்டபத்துக்குள்ளே போதகர் சட்டையோடு நின்று வாசிப்பதைக் குழுத் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து வெகு திருப்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கி இல்லை என்றால் ஆபத்தும் இல்லை. பதிமூன்று. பதினான்கு. அக்கா பதினான்காவது உறையை மடித்து வைத்தாள். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். இந்த வருடம் இல்லை.

மண்டபத்தில் போதகர் தாளை மடித்தார். மடித்தவர் இறங்கவில்லை. கை சட்டையில் அந்தப் பொத்தான் இல்லாத இடத்துக்குப் போயிற்று. அங்கே விரலை வைத்துக்கொண்டு, "பொத்தான்" என்றார். கொஞ்சம் சத்தமாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. குழுத் தலைவர் பாதி எழுந்தார். மச்சான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெயர் வந்தது, கயிற்றை இழுத்தார்.

கடையில் அக்கா பதினைந்தாவது மணியைக் கேட்டாள். முதலில் கொக்கியைத்தான் பார்த்தாள். வெள்ளை அங்கி கசங்கலாக, பதினோரு பொத்தானோடு, அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. முக்காலியில் போய் உட்கார்ந்து வாய் விட்டு அழுதாள், நடுவில் சிரித்தாள், ஒரு தலையணை உறை கருகிப்போன வாசனை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு நடந்தவை ஊரில் எல்லாருக்கும் தெரியும். மணியில் விழுந்த பெயரை விளக்கில் விடுவது மரியாதையாக இருக்காது என்று விளக்குப் போதகர் வாதிட்டு ஜெயித்தார். அக்கா மூன்றாம் தூணைத் தாண்டிப் போய், கையை முந்தானையில் துடைத்துவிட்டு விளக்கை ஏற்றினாள். சரியாகத் துடைக்கவில்லை, ஒரு சொட்டு சுடர் மேல் விழவே செய்தது. விளக்கு "ஸ்" என்றது, மறுபடி நன்றாக எரிந்தது. அதற்குப் பிறகு தூணுக்குப் பின்னால் உட்கார ஆள் கிடைக்காமல், இப்போது அங்கே குடைகளை வைக்கிறார்கள். மௌன மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு அதன் மேல் ஒரு பொத்தானை வைத்தார்கள். பக்கத்து இடத்தில் பெரியவரின் தங்கை உட்காருகிறாள்; மௌனத்தின் போது தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பாள், யாரும் ஆட்சேபிப்பதில்லை. அடுத்த வருடம் மூன்று மண்டபத்துக்கும் அடிபட்ட பெயர்கள் நாற்பத்தொன்று வந்தன. மணி அடித்து முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் ஆயிற்று. மச்சானுக்குத் தோள் வலி வந்து, அக்காதான் இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் துணி வைத்து ஒத்தடம் கொடுத்தாள். குழுத் தலைவர் தாத்தாவின் பேனாவைக் கொண்டுவந்து பொத்தானின் டப்பாவில் போட்டுவிட்டுப் போனார். அது இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, டப்பாவில் பாதிப் பொத்தான்கள் நீலமாகிவிட்டன. அங்கிகளும் பேச்சை விடவில்லை. அக்கா என்ன பேசினாளோ அது அந்தந்தக் கிழமையில் அந்தந்த மேடையில் வரும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் திடுக்கிடுவார்கள், மூன்றாம் வாரம் வெங்காய நிலவரம் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால் அந்த வியாழன் பிற்பகல் கடையில் நடந்ததைப் பார்த்தவள் சாவிக்கடைக்காரி மட்டும்தான். மணிப் போதகர் பட்டியல் வாசித்த கையோடு கடைக்கு வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா டப்பாவைத் திறந்து, வெகுநேரம் தேடி, நிறம் பொருந்துகிற ஒரு பொத்தானை எடுத்து, அவர் சட்டையைக் கழற்றச் சொல்லாமல் அப்படியே வைத்துத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அப்புறம் அவள் கொக்கியிலிருந்து வெள்ளை அங்கியை எடுத்துப் பலகையில் போட்டாள், தண்ணீர் தெளித்தாள், காலரை இழுத்துவிட்டாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி, நீ இல்லாமலே நடந்துடுச்சு. இனிமே உனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை வைத்துத் தேய்த்தாள்.

அடுத்த வியாழன் மணிப் போதகர் மேடை ஏறினார். அங்கி சூடாகும்வரை பொறுத்திருந்தார். பிறகு சபையைப் பார்த்து, "இனிமே உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்வியாக இருந்ததால், எல்லாரும் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் யோசித்தார்கள்.